உங்கள் கிரிப்டோ உண்மையில் யாரிடம் இருக்கிறது? வாசிர்எக்ஸ் ஹேக் சொல்லித்தரும் பாடங்கள்

2024 ஜூலை 18. இந்தியாவின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்களில் ஒன்றான வாசிர்எக்ஸின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காணாமல் போனது. நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். வாடிக்கையாளர்களுக்காக அந்த நிறுவனம் வைத்திருந்த மொத்த கிரிப்டோவில் ஏறக்குறைய 45 சதவீதம் ஒரே நாளில் போய்விட்டது.

அடுத்து நடந்ததுதான் பலருக்கும் பெரிய அதிர்ச்சி. ஆப்பைத் திறந்தால் போர்ட்ஃபோலியோ அப்படியே தெரிந்தது. பிட்காயின் இவ்வளவு, எத்தர் இவ்வளவு என்று எண்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு காயினைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. வர்த்தகம் மறுபடி தொடங்கியது 2025 அக்டோபர் 24 அன்று. நடுவில் 15 மாதங்கள்.

திரையில் தெரியும் காசு ஏன் கைக்கு வரவில்லை? திருட்டு நடந்தது ஒரு வாலட்டில், ஆனால் எல்லோருடைய பணமும் ஏன் முடங்கியது? அப்போ கிரிப்டோவை எங்கேதான் வைப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாலட்டுக்குள் காசு இல்லை!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘வாலட்’ என்றதும் பர்ஸ் போல ஒன்றுக்குள் காயின் இருக்கிறது என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. பிட்காயினோ எத்தரோ உங்கள் போனிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு பிளாக்செயின் எனும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் பிரதிகள் ஓடுகின்றன.

உங்களிடம் இருப்பது ஒரு ரகசியச் சாவி மட்டும்தான். அது ஒரு மிகப் பெரிய எண். அந்த எண்ணைக் கொண்டு கையெழுத்துப் போட்டால், குறிப்பிட்ட முகவரியில் உள்ள தொகையை வேறு முகவரிக்கு மாற்றலாம். வாலட் என்பது இந்தச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கையெழுத்துப் போட்டுத்தரும் ஒரு கருவி. அவ்வளவுதான்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பேரேட்டைப் பொறுத்தவரை சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். ஆதார் கேட்காது, பான் கேட்காது. வங்கியில் தவறான பரிவர்த்தனை நடந்தால் புகார் கொடுக்கலாம், சில நேரம் நிறுத்தவும் முடியும். பிளாக்செயினில் ஒருமுறை பதிவானது பதிவானதுதான். திருப்பி எடுக்க மேனேஜர் கிடையாது.

மூன்று வகை வாலட்: சாவி யார் கையில்?

பாதுகாப்பு என்று பார்த்தால், கிரிப்டோவை வைக்கும் இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எக்ஸ்சேஞ்ச் கணக்கு. ஆப்பில் கேஒய்சி முடித்து, ரூபாய் போட்டு, காயின் வாங்கி அப்படியே விட்டுவைப்பது. இந்தியாவில் பெரும்பாலானோர் செய்வது இதைத்தான். இங்கே சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் திரையில் தெரிவது, ‘இவருக்கு நாங்கள் இவ்வளவு தர வேண்டும்’ என்று நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கும் குறிப்பு. வாசிர்எக்ஸ் முடங்கியபோது எண்கள் மட்டும் தெரிந்து காசு வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, நீங்களே சாவி வைத்திருக்கும் மொபைல் ஆப் அல்லது பிரவுசர் எக்ஸ்டென்ஷன். மெட்டாமாஸ்க், டிரஸ்ட் வாலட் போன்றவை இந்த வகை. சாவி உங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அது இன்டர்நெட்டில் இணைந்த ஒரு சாதனத்தில் இருக்கிறது. இதைத்தான் ‘ஹாட் வாலட்’ என்கிறார்கள்.

மூன்றாவது, ‘கோல்டு வாலட்’. பென் டிரைவ் அளவில் இருக்கும் ஹார்டுவேர் வாலட்டை இதற்குப் பலரும் பயன்படுத்துகிறார்கள். சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது. பரிவர்த்தனை விவரம் கருவிக்கு உள்ளே போகும், கையெழுத்து மட்டும் வெளியே வரும். கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவியை நகலெடுக்க முடியாது.

அப்போ கோல்டு வாலட் வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்ததா? வாசிர்எக்ஸ் கதை ‘இல்லை’ என்கிறது.

நான்கு கையெழுத்து, இருந்தும் திருட்டு

வாசிர்எக்ஸ் அந்த வாலட்டைச் சும்மா திறந்து வைத்திருக்கவில்லை. அது பல கையெழுத்து தேவைப்படும் ‘மல்டிசிக்’ வாலட். மொத்தம் ஆறு பேருக்குக் கையெழுத்து அதிகாரம்: ஐந்து பேர் வாசிர்எக்ஸ் தரப்பு, ஒன்று லிமினல் என்ற பாதுகாப்புச் சேவை நிறுவனம். பணம் நகர வேண்டுமென்றால் வாசிர்எக்ஸ் தரப்பில் மூன்று கையெழுத்தும், அதன் பிறகு லிமினலின் கையெழுத்தும் வேண்டும். வாசிர்எக்ஸ் தரப்பினர் பயன்படுத்தியது ஹார்டுவேர் வாலட்தான். முன்கூட்டியே அனுமதித்த முகவரிகளுக்கு மட்டுமே பணம் அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

வங்கி லாக்கரை நான்கு பேர் நான்கு சாவி போட்டுத் திறப்பது மாதிரி. இதை எப்படி உடைத்தார்கள்?

உடைக்கவில்லை. அதிகாரம் உள்ளவர்களையே கையெழுத்துப் போட வைத்தார்கள். திரையில் தெரிந்த பரிவர்த்தனை ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று வாசிர்எக்ஸ் தன் முதல்கட்ட விளக்கத்தில் சொன்னது. கையெழுத்தான அந்த ‘வேறொன்று’ நேரடியாகப் பணத்தை மாற்றும் உத்தரவுகூட இல்லை. வாலட்டை இயக்கும் விதிகளையே மாற்றி எழுதும் உத்தரவு. அதன் பிறகு கட்டுப்பாடு முழுவதும் திருடர்கள் கைக்குப் போய்விட்டது. நான்கு பேரின் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

தவறு யார் பக்கம் என்பதில் இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. தன் தளம் ஹேக் செய்யப்படவில்லை என்று லிமினல் மறுத்தது. திருட்டுக்குப் பின்னால் வட கொரியாவுடன் தொடர்புடைய ஹேக்கர்கள் இருப்பதாக அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரியில் கூட்டறிக்கை வெளியிட்டன.

ஏழு மாதங்களில் அதே உத்தி, ஆறு மடங்கு தொகை

‘ஏதோ ஒரு இந்திய நிறுவனம் கவனக்குறைவாக இருந்துவிட்டது’ என்று இதைக் கடந்துபோக முடியவில்லை. 2025 பிப்ரவரி 21 அன்று, துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள எத்தர் திருடப்பட்டது. கிரிப்டோ வரலாற்றில் அதுவரை வெளியே தெரிந்த திருட்டுகளிலேயே இதுதான் பெரியது. அதுவும் கோல்டு வாலட்டிலிருந்து. அமெரிக்காவின் எஃப்பிஐ இதற்கும் வட கொரியாவைத்தான் கைகாட்டியது.

முறையும் ஏறக்குறைய அதேதான். பைபிட் பயன்படுத்திய ‘சேஃப்’ என்ற மல்டிசிக் சேவையின் டெவலப்பர் ஒருவரது கம்ப்யூட்டருக்குள் ஹேக்கர்கள் முதலில் புகுந்தார்கள். அதன் வழியாக அந்தச் சேவையின் இணையப் பக்கத்தில் தீங்கான கோடைச் சேர்த்தார்கள். பைபிட் அதிகாரிகள் வழக்கமான பரிமாற்றம் என்று நினைத்துப் பார்த்த திரை பொய்யானது. கையெழுத்து மட்டும் அசல்.

இந்த இரண்டு சம்பவங்களும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. சாவியைப் பூட்டி வைப்பது பாதி வேலைதான். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்ப்பது மீதிப் பாதி. எழுதாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான் இதுவும். ஹார்டுவேர் வாலட்டின் சின்னத் திரையில் புரியாத எண்ணும் எழுத்துமாக வருவதைப் பார்த்து ‘ஓகே’ அழுத்தினால், ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய கருவியும் உங்களைக் காப்பாற்றாது.

திருட்டு ஒன்றுதான், நஷ்டம் யாருக்கு?

இங்கேதான் வாடிக்கையாளர் கவனிக்க வேண்டிய முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஹேக் எல்லா நிறுவனத்துக்கும் நடக்கலாம். நடந்த பிறகு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பைபிட் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தவில்லை. மற்ற நிறுவனங்களிடம் கடன் வாங்கியும் எத்தர் வாங்கியும் பள்ளத்தை நிரப்பியது. 2025 ஜூலையில் இந்தியாவின் காயின்டிசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 4.4 கோடி டாலர் திருடு போனது. அது நிறுவனத்தின் சொந்தச் செயல்பாட்டுக் கணக்கு, வாடிக்கையாளர் பணம் பாதிக்கப்படவில்லை, நஷ்டத்தை நாங்களே ஏற்கிறோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

வாசிர்எக்ஸில் நடந்தது வேறு. ‘எல்லோரும் நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்’ என்பதுதான் முதலில் வந்த யோசனை. திருடு போகாத காயின் வைத்திருந்தவர்களின் கணக்கும் இதில் சேரும் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு விவகாரம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏன் சிங்கப்பூர்? வாடிக்கையாளர்களின் கிரிப்டோவுக்குப் பொறுப்பான செட்டாய் நிறுவனம் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. பெங்களூரிலோ மதுரையிலோ உட்கார்ந்து ரூபாயில் முதலீடு செய்தவர்களில் எத்தனை பேருக்கு இது முன்பே தெரிந்திருக்கும்? இத்தனைக்கும் வாசிர்எக்ஸின் உண்மையான உரிமையாளர் யார் என்பதில் அதன் நிறுவனர்களுக்கும் பைனான்ஸ் நிறுவனத்துக்கும் 2022லேயே பகிரங்கச் சண்டை நடந்திருக்கிறது.

கடன் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒருமுறை வாக்கெடுப்பு, நீதிமன்ற மறுப்பு, மறுபடி வாக்கெடுப்பு என்று இழுத்து, 2025 அக்டோபரில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த 15 மாதங்களில் சந்தை ஏறியது, இறங்கியது. காயினை விற்கவோ வேறு இடத்துக்கு மாற்றவோ வாய்ப்பில்லாமல் வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க மட்டுமே முடிந்தது.

வங்கியென்றால் இப்படி நடக்குமா?

வங்கி திவாலானால், டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும். கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு அப்படி எந்தக் காப்பீடும் இல்லை.

இந்தியாவில் கிரிப்டோவுக்கு வரி இருக்கிறது: லாபத்துக்கு 30 சதவீதம் 2022 ஏப்ரல் முதல், பரிவர்த்தனைக்கு 1 சதவீத டிடிஎஸ் 2022 ஜூலை முதல். பணமோசடித் தடுப்புச் சட்டமும் 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்ச்களுக்குப் பொருந்தும். நிதிப் புலனாய்வுப் பிரிவிடம் அவை பதிவு செய்ய வேண்டும். ஆனால் வாடிக்கையாளரின் காயினை எப்படிக் காக்க வேண்டும், எத்தனை சதவீதத்தை கோல்டு வாலட்டில் வைக்க வேண்டும், திருடு போனால் யார் தர வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இல்லை. ‘எஃப்ஐயு பதிவு பெற்றது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, அரசே பாதுகாப்புக்கு உத்தரவாதம் தந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பதிவு கறுப்புப் பணத்தைக் கண்காணிப்பதற்கானது.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2018 ஜனவரியில் அங்கே காயின்செக் எக்ஸ்சேஞ்சிலிருந்து 50 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள நெம் காயின்கள் திருடு போயின. அவ்வளவும் ஹாட் வாலட்டில் இருந்தவை. அதன் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 முதல், வாடிக்கையாளர் கிரிப்டோவில் குறைந்தது 95 சதவீதம் கோல்டு வாலட்டில் இருக்க வேண்டும். ஹாட் வாலட்டில் வைக்கும் மீதிக்குச் சமமாக நிறுவனம் தன் சொந்தக் காயினைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் 2024 மே மாதம் டிஎம்எம் பிட்காயின் என்ற ஜப்பானிய எக்ஸ்சேஞ்சில் 30 கோடி டாலருக்கு மேல் திருட்டு நடந்தது. சட்டம் திருட்டை ஒழித்துவிடாது என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனம் பணம் திரட்டி வாடிக்கையாளர்களின் காயினை ஈடுகட்டியது. பிறகு கடையையே மூடியது.

சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது

இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு. 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் வழியாக 3,532 எக்ஸ்ஆர்பி காயின்கள் வாங்கிய ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். திருடு போனவை எத்தீரியம் வகையைச் சேர்ந்த டோக்கன்கள், என்னுடையவை அவை அல்ல, பிறகு என் காயினை எப்படி நஷ்டக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்பது அவரது கேள்வி.

2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு பரவலாகக் கவனம் பெற்றது. கிரிப்டோ தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளும் அல்ல, நாணயமும் அல்ல. ஆனாலும் அது ஒரு சொத்து. ஒருவர் அதை உடைமையாக வைத்திருக்கலாம், அனுபவிக்கலாம், இன்னொருவர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கலாம் என்றது நீதிமன்றம். சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருப்பதால் இங்கேயே வழக்கை விசாரிக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது.

இது இடைக்காலப் பாதுகாப்புதான், இறுதித் தீர்ப்பு அல்ல. இறுதி முடிவு நடுவர் தீர்ப்பாயத்தில். ஆனாலும் ‘சொத்து’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு எடை அதிகம். உங்கள் சொத்தைப் பாதுகாத்துத் தருகிறேன் என்று வாங்கிவைத்தவர், மற்றவர் நஷ்டத்தை ஈடுகட்ட அதை எடுத்துக்கொடுத்துவிட முடியுமா என்ற கேள்வியை இனி எந்த வாடிக்கையாளரும் எழுப்பலாம்.

சரி, சாவியை நாமே வைத்துக்கொள்ளலாமா?

எக்ஸ்சேஞ்சை நம்ப முடியாது என்றால் சாவியை நாமே வைத்துக்கொள்வதுதான் வழி என்று தோன்றும். கிரிப்டோ உலகம் ஆரம்பத்திலிருந்தே சொல்லும் அறிவுரையும் அதுதான். ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது: காவலாளியும் நீங்கள்தான், கஸ்டமர் கேரும் நீங்கள்தான்.

சொந்த வாலட் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதி வைக்கச் சொல்லும். இதற்குப் பெயர் ‘சீடு ஃப்ரேஸ்’. 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து தேர்வாகும் இந்தச் சொற்கள்தான் உங்கள் சாவியின் மூலம். போன் தொலைந்தாலும், ஹார்டுவேர் வாலட் உடைந்தாலும் இந்தச் சொற்களை வரிசை மாறாமல் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். அதேபோல, வேறு யாராவது இதைப் பார்த்துவிட்டாலும் எல்லாம் போய்விடும். பாஸ்வேர்டு மாதிரி இதை மாற்ற முடியாது. ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ பட்டனும் கிடையாது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒருவர், சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013ல் குப்பையோடு போய்விட்டதாகச் சொல்கிறார். குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றமும் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தது. எந்த ஹேக்கரும் வரவில்லை. ஒரு வீட்டைச் சுத்தம் செய்தபோது நடந்தது அது.

போனில் பதுங்கியிருக்கும் ஆபத்துகள்

பெரிய நிறுவனங்களைக் குறிவைக்க ஒரு நாடே இறங்குகிறது. சாதாரண ஆளைக் குறிவைக்க அவ்வளவு தேவையில்லை. நம்முடைய சில பழக்கங்களே போதும்.

ஸ்கிரீன்ஷாட்: சீடு ஃப்ரேஸ் வந்ததும் சட்டென்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது பலரின் வழக்கம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் ‘ஸ்பார்க்கேட்’ என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தது. கேலரியில் உள்ள படங்களில் எழுதியிருப்பதைப் படித்து, சீடு ஃப்ரேஸ் போலத் தெரிந்தால் அனுப்பிவிடும் நிரல் அது. கூகுள் பிளே ஸ்டோரில் மட்டுமல்ல, ஆப்பிள் ஆப் ஸ்டோரில் இருந்த ஆப்களிலும் அது ஒளிந்திருந்தது. கூகுள் டிரைவ், வாட்ஸ்அப்பில் ‘தனக்குத்தானே’ அனுப்பிக்கொள்வது, இமெயில் டிராஃப்ட் எல்லாமே இதே கதைதான்.

காப்பி-பேஸ்ட்: முகவரி நீளமானது, எனவே காப்பி செய்துதான் போடுவோம். காப்பி செய்த முகவரிக்குப் பதில் திருடனின் முகவரியை மாற்றிவைக்கும் வைரஸ்கள் உண்டு. இன்னொரு தந்திரமும் உண்டு. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரி போலவே முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் உள்ள ஒரு முகவரியிலிருந்து உங்களுக்குச் சில்லறைத் தொகை வரும். அடுத்த முறை பழைய பட்டியலைப் பார்த்து அந்த முகவரியை எடுத்தால் போச்சு. 2024 மே மாதம் இப்படி ஒருவர் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள காயினைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு அதிர்ஷ்டம், பெரும்பகுதி திரும்ப வந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

‘கனெக்ட் வாலட்’: இலவச டோக்கன் தருகிறோம், வாலட்டை இணையுங்கள் என்று ஒரு லிங்க் வரும். இணைத்ததும் ஒரு ‘அப்ரூவ்’ கேட்கும். அது பல நேரங்களில், ‘என் வாலட்டிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் நீ எடுத்துக்கொள்ளலாம்’ என்ற அனுமதி. சீடு ஃப்ரேஸைக் கொடுக்காமலேயே வாலட் காலியாகிவிடும்.

கஸ்டமர் கேர் போன்: 2025 மே மாதம் அமெரிக்காவின் காயின்பேஸ் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. வெளிநாடுகளில் வேலை செய்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, சுமார் 69,000 வாடிக்கையாளர்களின் விவரங்களைக் குற்றவாளிகள் எடுத்துவிட்டார்கள். நோக்கம் என்ன? அந்த விவரங்களை வைத்து, காயின்பேஸிலிருந்து பேசுவது போலவே போன் செய்து ஏமாற்றுவது. எனவே போனில் பேசுபவர் உங்கள் பெயர், முகவரி, பேலன்ஸ் எல்லாம் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக அவர் நிறுவனத்தின் ஆள் ஆகிவிட மாட்டார். எந்த நிறுவனமும் சீடு ஃப்ரேஸைக் கேட்காது. கேட்டால் அது திருடன்தான், சந்தேகமே வேண்டாம்.

எஸ்எம்எஸ் ஓடிபி: உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி திருடனுக்குப் போகும். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கே இப்படி சிம் மாற்றி கைப்பற்றப்பட்டு, பிட்காயின் பற்றிப் பொய் அறிவிப்பு வந்தது. எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு எஸ்எம்எஸ்ஸைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது.

எவ்வளவு இருந்தால் எங்கே வைக்கலாம்?

இதற்கு ஒரே பதில் இல்லை. வீட்டில் நகை வைப்பது மாதிரி யோசிக்கலாம். தினமும் போடும் கம்மலை யாரும் பேங்க் லாக்கரில் வைப்பதில்லை. கல்யாண நகையை யாரும் டேபிள் டிராயரில் வைப்பதும் இல்லை.

சில ஆயிரங்கள் போட்டுப் பார்ப்பவருக்கு, ஹார்டுவேர் வாலட்டின் விலையே முதலீட்டைவிட அதிகமாக இருக்கலாம். அவருக்கு எக்ஸ்சேஞ்ச் கணக்கே போதும். ஆனால் முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய தொகையாக அது இருக்க வேண்டும். கணக்கு தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை மூன்று: நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது, வாடிக்கையாளர் பணத்தையும் சொந்தப் பணத்தையும் தனித்தனியாக வைக்கிறதா, ஹேக் நடந்தால் நஷ்டம் யாருக்கு என்று விதிமுறையில் என்ன எழுதியிருக்கிறது. அந்த நீண்ட ‘ஐ அக்ரீ’ பக்கத்தில் மற்றதைப் படிக்காவிட்டாலும் இதையாவது தேடிப் படிக்கலாம்.

போனால் தூக்கம் போய்விடும் என்ற அளவுக்குத் தொகை வளர்ந்துவிட்டால் ஹார்டுவேர் வாலட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது. அதை நிறுவனத்தின் நேரடித் தளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ மட்டும் வாங்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே சீடு ஃப்ரேஸ் அச்சடித்து வந்தால் அது பொறி. சொற்களைக் கருவியே உங்கள் முன்னால் உருவாக்க வேண்டும். காகிதத்தில் கையால் எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்கலாம். பெரிய தொகையை மாற்றும் முன் ஒரு சிறு தொகையை அனுப்பி, வாலட்டை அழித்து, சீடு ஃப்ரேஸ் போட்டு மீட்டுப் பார்ப்பது நல்லது. காகிதத்தில் எழுதியது சரிதானா என்று தெரிந்துகொள்ள அது ஒரு நல்ல வழி.

வெளியில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான். 2020ல் லெட்ஜர் என்ற ஹார்டுவேர் வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியானது. பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் அதில் இருந்தன. சாவிகள் பத்திரமாக இருந்தும், ‘உங்கள் கருவியை மாற்றித் தருகிறோம்’ என்று போலிக் கருவிகளே சிலரின் வீடு தேடி வந்தன. யாரிடம் கிரிப்டோ இருக்கிறது என்ற தகவலுக்கே விலை உண்டு.

திருடு போய்விட்டால்?

முதல் சில மணி நேரம் முக்கியம். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ரூபாய் இன்னும் வங்கிக் கணக்குகளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது. கிரிப்டோவாக மாறி வெளியே போய்விட்டால் மீட்பது மிகக் கடினம். பரிவர்த்தனை எண், முகவரி, சாட் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். சாவி கசிந்தது என்ற சந்தேகம் வந்தாலே, மீதி இருக்கும் காயினைப் புதிய வாலட்டுக்கு உடனே மாற்றிவிட வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று சிலர் டெலிகிராமில் வருவார்கள். முன்பணம் கேட்பார்கள். அது இரண்டாவது திருட்டு.

குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா?

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடும் கேள்வி இது. கனடாவின் குவாட்ரிகாசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சின் தலைவர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூர் வந்திருந்தபோது இறந்துபோனார். சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று நிறுவனம் கைவிரித்தது. சுமார் 76,000 வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். வாடிக்கையாளர் பணத்தில் அவர் மோசடி செய்திருந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. எல்லாக் கட்டுப்பாடும் ஒரே ஆளிடம் இருந்தது அந்த மோசடி மறைந்திருக்க உதவியது.

இதையே வீட்டு அளவில் யோசித்துப் பாருங்கள். பிஎஃப் கணக்குக்கு நாமினி போட்டிருப்பீர்கள், எல்ஐசி பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். சொந்த வாலட்டுக்கு நாமினி கிடையாது. நீங்கள் எழுதிவைத்த 24 சொல் எங்கே இருக்கிறது, அது எதற்கு என்று நம்பிக்கையான ஒருவருக்காவது தெரியாவிட்டால், அந்தக் காயின் பேரேட்டில் என்றென்றும் இருக்கும். யாராலும் தொட முடியாது. அந்த 24 சொற்களை இப்போதே யாரிடமும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒரு சீல் வைத்த உறையும், அது இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு குறிப்பும் போதும்.

மொத்தத்தில் முழுப் பாதுகாப்பான வாலட் என்று எதுவும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் வைத்தால் நிறுவனத்தின் தவறுக்கு நீங்கள் விலை கொடுக்க நேரலாம். நீங்களே வைத்தால் உங்கள் தவறுக்கு நீங்களே விலை கொடுக்க வேண்டும். எந்தத் தவறை உங்களால் சமாளிக்க முடியும் என்று பணம் போடும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. வாசிர்எக்ஸ் வாடிக்கையாளர்களுக்கு யோசிக்க 15 மாதங்கள் கிடைத்தன. ஆனால் அதற்குள் முடிவெடுக்கும் உரிமை அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது.